பூஜ்யத்தைத் தொடாத குமிழ்

"நான்தான்" என்றார் பட்டன் அக்கா.

நான் கேள்வியை இன்னும் முடிக்கவே இல்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது. அதுவரை யாரும் என்னிடம் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டதில்லை. எங்கள் வீட்டுப் பூனைகூட வாயில் பால் ஒட்டியிருக்க என்னைத்தான் முறைக்கும். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டேன்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என்னை அறியாமல் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன்.

காலையில் அத்தை என்னைத் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து பேட்டரித் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டாள். அத்தைக்குத் துப்பறிவது தொழில். எனக்கு அத்தையின் பையைத் தூக்குவது தொழில். "நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பேட்டரியைப் பார்த்துட்டு வர்றேன். நீ உள்ள போய்ப் பாரு, கேளு, வாயைத் திறக்காத" என்றாள்.

"வாயைத் திறக்காம எப்படி அத்தை கேக்கறது?"

"காதால கேளு."

நடந்தது இதுதான். ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடக்கும்போது கரன்ட் போனது. அவசர விளக்கு எரிந்தது, ஒரு முறை சிமிட்டியது, அணைந்துவிட்டது. டாக்டர் செல்போன் டார்ச் வெளிச்சத்தில் மிச்ச வேலையை முடித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்தக் கைகளின் நிதானத்தால்தான். விளக்கின் பேட்டரி இந்தத் தொழிற்சாலையில் செய்தது. புத்தம் புதியது, வாங்கி வைத்து வாரக்கணக்குகூட ஆகவில்லை. எப்படிக் கெட்டது என்று கண்டுபிடிக்கத்தான் முதலாளி அத்தையைக் கூப்பிட்டிருந்தார்.

முதலாளி சட்டையின் மேல் பட்டனைக்கூடக் கழற்றாமல் வேர்க்கிற மனிதர். பூட்டியிருந்த சோதனை அறையை எனக்குத் திறந்துவிட்டு, மெஷினைக் காட்டினார்.

மெஷின் சமையல் மேடை உயரத்துக்கு இருந்தது. நடுவில் ஒரு தட்டு. அதில் ஈயப் பிளேட்டுகளின் அடுக்கு ஒன்றை வைக்க வேண்டும்: ஒரு பிளஸ் பிளேட், ஒரு மைனஸ் பிளேட், நடுவில் ஒரு மெல்லிய தாள் என்று மாற்றி மாற்றி அடுக்கியது. அந்தத் தாளில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஒருநாள் இரண்டு பிளேட்டும் உள்ளேயே தொட்டுக்கொண்டு பேட்டரி செத்துப்போகும். அதை முன்கூட்டியே பிடிப்பதுதான் இந்த மெஷினின் வேலை. அடுக்கை வைத்து, கண்ணாடி மூடியை இறக்கி, இடக்கோடியில் ஒரு பட்டன், வலக்கோடியில் ஒரு பட்டன், இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒரு கை சும்மா இருந்தால் மனிதன் அதை எங்கேயாவது விடுவான் என்று இரண்டு கைக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அழுத்தினால் உயர் மின்னழுத்தம் அடுக்குக்குள் பாயும். ஓட்டை இருந்தால் அதன் வழியே மின்சாரம் தாவும், சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். ஓட்டை இல்லையென்றால் பச்சை.

எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது வலதுபக்கம் இருந்த கறுப்புக் குமிழ். அதில் ஒரு வெள்ளைக் கோடு. சுற்றிலும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்கள். எட்டின்மேல் முதலாளி தன் கையாலேயே ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு அட்டை: 'தொடாதே. துடைக்கவும் செய்யாதே.'

"தினமும் காலையில நானே வந்து பார்ப்பேன் தம்பி. கோடு புள்ளிமேல இருக்கா? இருக்கும். அப்புறம் மாமியார்."

"உங்க மாமியாரா?"

"ஐயோ, அவங்க இல்ல." அலமாரியிலிருந்து சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு அடுக்கு இருந்தது. வேண்டுமென்றே கெடுத்து வைத்தது. "இதை வெச்சு அழுத்தினா பஸ்ஸர் கத்தியே ஆகணும். கத்தினாத்தான் மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். எல்லாரும் இதை மாமியார்னு சொல்லுவாங்க. மாமியார் கத்தாம இங்க ஒருநாளும் வேலை ஆரம்பிச்சதில்ல."

"எங்க வீட்லயும் அப்படித்தாங்க, எங்க அம்மாவுக்கு."

அவர் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அங்கே யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. நகைச்சுவையை நிறுத்தி, வேலையைத் தொடங்கினேன். கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் மனதில் ஏற்றிக்கொண்டேன். சுவரில் ஒரு புதுக் கடிகாரம். தரையில், ஆள் நிற்கிற இடத்தில், சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி அடுக்கிய ஒரு விரிப்பு. குமிழின்மேல் கம்பளிபோலச் சாம்பல்நிறத் தூசி.

அப்போதுதான் பட்டன் அக்கா உள்ளே வந்தார். நாளெல்லாம் அந்த இரண்டு பட்டன்களை அழுத்துவதால் வந்த பெயர். நாற்பது வயதிருக்கும். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். நான் வாயைத் திறந்தேன். "அக்கா, இந்தக் குமிழை யாராவது..."

"நான்தான்."

நன்றி சொன்ன பிறகு, எப்போது என்று கேட்டேன்.

"போன வாரம் ஒரு நாள். அன்னைக்கு மட்டும்தான். நிறைய அடுக்கு சிவப்பு காட்டிக் கழிஞ்சுச்சு, பஸ்ஸர் கத்திக்கிட்டே இருந்துச்சு. தலைவலி. குமிழைக் கொஞ்சம் குறைச்சு வெச்சு ஓட்டிட்டேன். சாயங்காலம் பழையபடி ஏத்திட்டேன். அன்னைக்கு மட்டும் தம்பி. வேற நாள் கிடையாது."

அவர் அழவில்லை. மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோலச் சொன்னார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. எனக்கு உறைத்ததெல்லாம், அத்தை திரும்பி வருவதற்குள் வழக்கு முடிந்துவிட்டது என்பதுதான்.

முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்திலேயே ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தது தெரிந்தது.

"ஒரு நாள் சரக்குதானா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப அதை மட்டும் திரும்ப வாங்கினாப் போதும்." சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். அதே நேரத்தில் மேஜைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவர், குழாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னொரு ஆஸ்பத்திரி. நம்ம பேட்டரிதான் அங்கயும். அது போன மாசம் போன சரக்கு. நர்ஸம்மா பயப்படறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. விசாரிக்க வந்தவரு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

விசாரிக்க வந்தவர். அந்த இரண்டு சொற்களில் நான் ஒரு அடி உயரமாகிவிட்டேன். குழாயை வாங்கினேன்.

"உங்களுது வேற நாள் சரக்கும்மா. அது நல்ல பேட்டரி. தைரியமா இருங்க" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றது ஒரு பெண்குரல். சார் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

அத்தை வந்ததும் எல்லாவற்றையும் வாசலிலேயே ஒப்பித்தேன். அத்தை ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டாள். அதனால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பாதியிலேயே நிறுத்தியிருப்பேன்.

"குமிழ் எப்படி இருந்துச்சுன்னு சொன்ன?"

"வெள்ளைக் கோடு புள்ளிமேல சரியா. குமிழ்மேல தூசி. மேல, பக்கத்துல, எல்லா இடத்துலயும் ஒரே சீரா, கம்பளி போத்தின மாதிரி. எங்கயும் கலையல. இவ்வளவு கவனிச்சிருக்கேன், ஒரு சபாஷாவது சொல்லுங்க அத்தை."

"சபாஷ். அந்தத் தூசியைக் கலைக்காம அந்தம்மா போன வாரம் குமிழை எப்படிக் குறைச்சாங்க? எப்படித் திரும்ப ஏத்தினாங்க? ஊதியா?"



"போன வாரத் தூசியா இருக்கலாமே?"

"ஒரு வாரத்துல கம்பளி நெய்யற தூசி எங்க வீட்டுப் பரண்லகூடக் கிடையாதுடா. அது மாசக்கணக்குத் தூசி." ஹெல்மெட்டைக் கழற்றினாள். "உன்னை நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"வாயைத் திறக்காதன்னு."

"யார்கிட்ட எல்லாம் திறந்த?"

முதலாளியிடம் என்று சொன்னேன். நர்ஸைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். ஆனால் அத்தை அதற்குள் நடந்துவிட்டாள். பின்னால் ஓடும்போது, சொல்லாததற்கு அவளுடைய வேகம்தான் காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

சோதனை அறையில் முதலாளியும் பட்டன் அக்காவும் நின்றார்கள். கதவோரத்தில் இடுப்பில் கருவிப் பையோடு ஒரு இளைஞன் நின்றான். தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன், அக்காவின் சொந்தத் தம்பி என்று முதலாளி சொன்னார். மெஷினைத் திறக்க வேண்டியிருந்தால் உதவுவதற்காகக் கூப்பிட்டிருந்தாராம். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அழகா இருக்கே. யார் கொடுத்தது?"

"நான்தாங்க கொடுத்தேன்" என்றார் முதலாளி. "இவங்களுக்குப் பரிசு. கழிஞ்சுபோற அடுக்கு சட்டுனு குறைஞ்சுடுச்சு. முன்ன கூடை கூடையா விழும். அப்புறம் விழறதே இல்ல."

"எப்பலேர்ந்து விழல?"

"சரியா ஞாபகம் இல்ல. மழைக்கு முன்னாடி."

பட்டன் அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த அறையில் அவர் பார்க்காமல் இருந்த ஒரே பொருள் அதுதான்.

"அம்மா, குமிழை எப்படிக் குறைச்சீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க" என்றாள் அத்தை.

அக்கா கை நீட்டினார். தூசியில் விரல் பட்டதும் ஒரு கணம் தயங்கினார். பிறகு பிடித்து இடதுபக்கம் திருப்பினார். வெள்ளைக் கோடு எட்டிலிருந்து இறங்கியது. ஆறு. ஐந்து. மூன்றில் நின்றுவிட்டது.

"பூஜ்யம்வரைக்கும் திருப்புங்க."

"போகலியே."

"பலமா."

"இதுக்கு மேல போகல" என்றார் அக்கா. அவர் குரலில் இருந்த ஆச்சரியம் நடிப்பில்லை. அந்தக் குமிழை அவர் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகத் திருப்புகிறார் என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

"வீட்டுத் தண்ணிக் குழாயை முழுசா மூடினா தண்ணி நிக்கும். இது மூடியாச்சு. ஆனா கோடு மட்டும் மூணுல நிக்குது" என்றேன். பதற்றத்தில் எனக்கு உவமைதான் வரும்.

"உவமை சரிதான். வேலைதான் சரியில்ல" என்றாள் அத்தை. கடிகாரத்தைக் காட்டினாள். "இதோட முள்ளைக் கழட்டி, பத்து மணிக்கு நேரா மாட்டி வெச்சா, மணி அஞ்சா இருந்தாலும் பத்துன்னுதான் காட்டும். குமிழையும் யாரோ அப்படிக் கழட்டி, உள்ள இருக்கிற தண்டை இறக்கி, கோடு புள்ளிமேல வர்ற மாதிரி திரும்ப மாட்டியிருக்காங்க. வெளிய எட்டு. உள்ள அஞ்சுதான் இருந்திருக்கும்." குமிழின் பக்கவாட்டில் வாயை வைத்து ஊதினாள். தூசிக்கு அடியில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. அதன் பள்ளத்தைச் சுற்றி மெல்லிய கீறல்கள்.

"ஆனா மாமியார் தினமும் கத்துச்சே" என்றார் முதலாளி. கெஞ்சுவதுபோல இருந்தது. "என் காதால கேட்டேனே."

அத்தை குமிழை அடிமட்டத்திலிருந்து ஒரு மயிரிழை ஏற்றினாள். மாமியாரைத் தட்டில் வைத்து மூடியை இறக்கி, இரண்டு பட்டன்களையும் அழுத்தினாள். பஸ்ஸர் காது கிழியக் கத்தியது.

"இதுல ரெண்டு பிளேட்டும் நேருக்கு நேரா ஒட்டிக்கிட்டிருக்கு. கைக்கடிகார பேட்டரியைக் காட்டினாக்கூடக் கத்தும். ஊசிமுனை ஓட்டையைத் தாவத்தான் பெரிய அழுத்தம் வேணும். மெஷின் செவிடு இல்லைன்னு நீங்க தினமும் பார்த்தீங்க. மெதுவாப் பேசினா கேக்குதான்னு ஒருநாளும் பார்க்கல."

முதலாளி சட்டையின் மேல் பட்டனை மறுபடியும் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

அத்தை பட்டன் அக்காவுக்கு எதிரே வந்து நின்றாள். குரலைத் தணித்தாள். "நீங்க இதைத் தொட்டதே இல்ல. யாருக்காகச் சொல்றீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. வேற ஒண்ணு கேக்கறேன். கால்ல இந்த ரப்பர் விரிப்பு யார் போட்டது?"

அக்கா விரிப்பின்மேலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

"டியூபை மடிப்பு மடிப்பா வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சு ஒட்டியிருக்கு. கம்பெனி இவ்வளவு அக்கறையா எதுவும் செய்யாது. உங்களுக்கு ஷாக் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"அது பழைய மூடி" என்றார் அக்கா. "விரிசல் விட்டிருந்துச்சு. அழுத்தும்போதெல்லாம் முழங்கையில சுரீர்னு அடிக்கும். புது மூடி போட்டதும் நின்னுடுச்சு."

"போட்டதும் நின்னுச்சா, போடறதுக்கு முன்னாடியே நின்னுச்சா?"

அக்கா முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முன்னாடியே" என்றார் அக்கா கடைசியில். "சட்டுனு நின்னுச்சு. கழிவும் நின்னுச்சு. ரெண்டும் ஒரே நாள்ல நின்னா கேக்கணும் இல்லையா? நான் கேக்கல. கை வலிக்கல, பரிசு வேற கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டுப் போய்ட்டேன். அதனால நான்தான்னு சொன்னது முழுப் பொய்யும் இல்லைங்க."

"இல்லம்மா. ஆனா 'அன்னைக்கு மட்டும்'னு சொன்னீங்களே, அது முழுப் பொய். அந்த ஒரு வார்த்தையை நம்பி இவரு ஒரே ஒரு நாள் சரக்கைத்தான் திரும்பக் கேக்கப் போறாரு. மழைக்கு முன்னாடியிலேர்ந்து இந்த மெஷினைத் தாண்டிப் போன மத்த பேட்டரியெல்லாம் அங்கங்க விளக்குக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கு. ஆஸ்பத்திரியில, லிஃப்ட்ல."

பட்டன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். "எல்லாமா? எனக்கு அது தோணவே இல்லியே. என் வேலை போகும், அதோட முடிஞ்சுதுன்னு..." கதவுப் பக்கம் திரும்பினார். அவர் யாரைப் பார்த்தார் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

எலக்ட்ரீஷியன் தரையிலிருந்து தலையைத் தூக்கினான். நடந்து வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். குமிழின் திருகாணி எங்கே என்று அவன் தேடவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை நேராக அங்கே போனது. கழற்றினான், தண்டை அடிவரை திருப்பினான், கோட்டைப் பூஜ்யத்தில் வைத்து முடுக்கினான். பிறகு எட்டுக்கு ஏற்றினான்.

மெஷினைப் பார்த்தபடியே பேசினான். "மூடி விரிசல் விட்டிருக்கு, மாத்துங்கன்னு முதலாளிகிட்ட சொன்னேன். புதுசு வர்றவரைக்கும் மெஷினை நிறுத்த முடியாதுன்னுட்டாரு. அக்கா சாப்பிடும்போது கை நடுங்கும். வலது கையை இடது கையால பிடிச்சுக்கிட்டு சோத்தை அள்ளும். ரெண்டு நாளைக்கு அழுத்தத்தைக் குறைச்சு வெச்சா என்னன்னு நினைச்சேன். கோடு மாறினா முதலாளி கண்டுபிடிச்சிடுவாரு. அதான் இப்படி. மூடி வந்ததும் ஏத்திடலாம்னு இருந்தேன்."

"ஏன் ஏத்தல?" என்றாள் அத்தை.

"என் சம்சாரத்துக்கு வலி எடுத்துடுச்சுன்னு போன் வந்துச்சு. ஓடினேன். லீவு முடிஞ்சு திரும்பி வந்தா, வெளியாளை வெச்சு மூடி மாத்தியிருந்தாங்க. ராத்திரி எல்லாம் குழந்தை அழும். தூக்கம் இல்ல. எனக்கு நிஜமாவே மறந்துபோச்சு. அந்தக் குழந்தை இப்ப தவழுது." மூச்சை இழுத்தான். "ஆஸ்பத்திரி சேதி வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கே ஓடி வந்தேன். ரூமைப் பூட்டிட்டாங்க. பூட்டுக்கு வெளியே நின்னேன். அக்கா பார்த்திருச்சு."

"பாவிப் பயலே" என்றார் அக்கா. அதை அவர் திட்டுவதுபோலச் சொல்லவில்லை. "என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ குறைக்க விட்டிருக்க மாட்டேக்கா."

மூடிக்கு ஆர்டர் கொடுக்காமல் இழுத்தடித்தது யார் என்று முதலாளியை யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அத்தை பக்கத்து ரேக்கைக் காட்டினாள். பச்சை விளக்கு வாங்கிப் பாஸான அடுக்குகள், பேட்டரிப் பெட்டிக்குள் இறங்கக் காத்திருந்தன. "ஒண்ணொண்ணா வெச்சுப் பாருங்கம்மா."

அக்கா முதல் அடுக்கை வைத்தார். மூடியை இறக்கினார். பட்டன்கள்மேல் கை வைத்தார். மெஷின் அசையவில்லை. ஒரு பட்டன் முன்னாலும் ஒன்று பின்னாலும் அழுந்தின. ஒரே நேரத்தில் அழுத்தாவிட்டால் அது வேலை செய்யாது. மறுபடியும் முயன்றார். மறுபடியும் இல்லை. தம்பி போய் அவருக்கு இடதுபக்கம் நின்று, இடது பட்டன்மேல் கை வைத்தான்.

"மிச்சக் கை ரெண்டும் முதுகுக்குப் பின்னாடி" என்றாள் அத்தை.

இருவரும் ஒவ்வொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வகுப்பில் தப்புச் செய்துவிட்டு நிற்கிற இரண்டு பிள்ளைகள்போல இருந்தார்கள். அக்கா தலையை ஆட்டினார். அழுத்தினார்கள்.

பச்சை.

அடுத்தது. பச்சை. அடுத்தது வைத்தபோது பஸ்ஸர் கத்தியது. மாமியார் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கடுத்தது பச்சை. அதற்கடுத்தது மறுபடியும் கத்தியது.

அந்தச் சத்தத்தில்தான் அத்தையின் கையைப் பிடித்து, சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். இன்னொரு ஆஸ்பத்திரி. போன மாதச் சரக்கு. நல்லது, தைரியமாக இருங்கள் என்று நான் சொன்னது.

அத்தை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

முதலாளி அறைக்கு ஓடினோம். நான் எண்ணைச் சுழற்றும்போது முதலாளி எங்களைத் தாண்டிப் போய், நாற்காலிமேல் ஏறி, தன் தலைக்கு மேலே சுவரில் இருந்த அவசர விளக்கைப் பிடுங்கினார். "இது கம்பெனி தொடங்கினப்ப போட்ட பேட்டரி" என்று மூச்சு வாங்கச் சொன்னார். "மெஷின் சரியா இருந்த காலத்துது. நேத்து கரன்ட் போனப்பகூட எரிஞ்சுச்சு." எங்கள் பின்னாலேயே ஓடிவந்த எலக்ட்ரீஷியன் அதை அவர் கையிலிருந்து வாங்கினான். எங்கே போக வேண்டும் என்று கேட்டான். ஒரு நிமிடத்தில் வெளியே மோட்டார் சைக்கிள் உறுமியது.

தொலைபேசியில் அதே பெண்குரல்.

"அம்மா, காலையில பேட்டரி விஷயமாப் பேசினோமே. அந்தப் பேட்டரியை நம்பாதீங்க. அதை இப்பவே..."

"நல்லதுன்னு ஒரு சார் சொன்னாரே. அவரை நம்பி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உள்ள ஒரு அம்மாவை இப்பதான் டேபிள்ல படுக்க வெச்சுக் கத்தி வெச்சிருக்காங்க. நல்லதுன்னு சொன்ன அந்த சார் யாரு?"

அத்தை என்னைப் பார்த்தாள். முதலாளி பார்த்தார். எதிரே சோதனை அறையில் அக்கா இரண்டு பட்டன்களையும் தனியாகவே அழுத்தி ஓட்ட, பஸ்ஸர் இன்னும் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றேன்.

திட்டினால் நன்றாக இருக்கும்போல இருந்தது. "லைன்ல இருங்க" என்றார். ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. யாரோ டார்ச் எடுத்து வா என்று கத்தினார்கள். ஒரு கதவு திறந்து மூடியது. மறுபடியும் ஓடி வந்தார்.

"கரன்ட் இருக்கு. விளக்கு இன்னும் தேவைப்படல. நீங்க போனை வெச்சிடாதீங்க."

வைக்கவில்லை. குழாயைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை ஒரு நாற்காலியைப் பின்னாலிருந்து நகர்த்தி என் முழங்காலில் இடித்தாள். உட்கார்ந்தேன். எனக்குச் சொல்ல ஒரு உவமைகூட வரவில்லை.

"கரன்ட் இருக்காம்மா?"

"இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இருக்கு என்றார். அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னார்.

பிறகு குழாயில் ஏதோ சலசலப்பு. செருப்பு தேய்கிற சத்தம். நர்ஸம்மா யாரிடமோ பேசினார். திரும்பி என்னிடம் வந்தார்.

"சார், இங்க ஒருத்தர் விளக்கைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்திருக்காரு. மாட்டிட்டாங்க. டாக்டர், யாருப்பா நீ, உன்னை யாரு அனுப்பினதுன்னு கேக்கறாரு. இவரு அதுக்குப் பதில் சொல்லாம 'நான்தான், நான்தான்'னே சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. இவருக்கு என்ன சார் ஆச்சு?"